நாயிக் என்றால் நாய் இல்லை: மலேசியக் காடுகளில் பிள்ளைகளோடு ஆறு வருடம்

திருநெல்வேலி வெயிலில் வளர்ந்தவளுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கணவரின் வேலைக்காக 2017 ஜூனில் கோலாலம்பூர் போய் இறங்கினோம். அப்போது மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நாலு. அவருடைய அலுவலகத்தில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமையானால் தொப்பி, களிம்பு, தண்ணீர்ப் பை என்று மூட்டை கட்டிக்கொண்டு விடியுமுன் காட்டுக்குக் கிளம்பும். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். முப்பத்திரண்டு டிகிரிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? நாங்கள் நாற்பதில் கல்யாணப் பத்திரிகை கொடுத்து அலைந்தவர்கள்.

அந்தச் சிரிப்பு கெப்போங்கில் அடங்கியது. நகரத்தை ஒட்டியே இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகம் அது, ஃப்ரிம் என்பார்கள். நிதானமாகத் தோசை சாப்பிட்டுப் பத்தரைக்குக் காட்டுப் பாதையில் கால் வைத்தோம். நிழல்தான், வெயிலே மேலே படவில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் நாலு பேர் சட்டையும் பிழிகிற மாதிரி நனைந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு மகன் முகமெல்லாம் சிவந்து, "தலை வலிக்குதும்மா" என்று உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்திலேயே வாந்தி.

ஊரில் வியர்க்கும், காற்றில் காயும். அது காய்வதில்தான் உடம்பு குளிர்கிறது. மலேசியக் காட்டில் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கிறது. வியர்வை வழிகிறதே ஒழிய காய்வதில்லை. அதனால் எவ்வளவு வியர்த்தாலும் சூடு இறங்காது, தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். நம் ஊர் முப்பத்தெட்டைத் தாங்குகிற பிள்ளை அங்கே முப்பதில் சுருண்டுவிடலாம். இது தெரியாமல் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றே ஒன்றைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் போயிருந்தோம்.

காவலர் ஒருவர் அவனைத் தூக்கிக்கொண்டு போய் சிமெண்டுத் திண்ணையில் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, கழுத்திலும் கக்கத்திலும் ஈரத்துணி போட்டு அட்டையால் விசிறினார். இருபது நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "ஏழரைக்கு வாங்க, பதினொண்ணுக்குப் போயிடுங்க" என்றார் அவர், மலாயும் ஆங்கிலமும் கலந்து. ஆறு வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த அறிவுரைகளில் அதிகம் பயன்பட்டது அந்த ஒரு வரிதான்.

அடுத்த வாரமே திரும்பப் போனோம், ஏழரைக்கு. பயத்தோடு விட்டால் பிள்ளைகள் காட்டை வெறுத்துவிடுவார்கள் என்று தோன்றியது. அன்றுதான் அந்தக் காவலர் காட்டிய இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தோம். கப்பூர் மரங்கள். நெடுநெடுவென்று வளர்ந்து உச்சியில் விரிந்திருக்கின்றன, ஆனால் ஒரு மரத்தின் இலை இன்னொன்றைத் தொடுவதில்லை. நடுவில் வானம் கோடு கோடாகத் தெரிகிறது. வற்றிய குளத்துத் தரை பாளம் பாளமாக வெடித்திருக்குமே, அதைத் தலைகீழாகக் கவிழ்த்து மேலே ஒட்டிவைத்த மாதிரி. மகள் கழுத்து வலிக்கும்வரை பார்த்தாள். அந்தக் காடு தானாக வளர்ந்தது இல்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். ஈயம் தோண்டிப் பாழாய்ப்போன நிலத்தில் 1920களிலிருந்து நட்டு வளர்த்தது. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது என்று செய்தி வந்தபோது, நாங்கள் வாந்தி எடுத்த இடம் என்று மகன் பள்ளியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

ஏழரை என்பது அந்த ஊர்க் கணக்கில் விடிகாலை. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி, போர்னியோத் தீவிலிருக்கும் மலேசிய மாநிலங்களான சபா, சரவாக்கோடு நேரத்தைச் சேர்த்துக்கொண்டது. அதனால் சூரியன் உதிப்பதே பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல். பள்ளி வேன் வரும்போது கும்மிருட்டாக இருக்கும். சாயங்காலம் ஏழரை வரை வெளிச்சம் இருப்பதாகத் தோன்றும், அதை நம்பிக் காட்டுக்குள் இருக்கக் கூடாது. மரக்கூரைக்குக் கீழே ஆறரைக்கே பாதை தெரியாது. அந்தி என்று ஒன்று நீண்டு கிடப்பதில்லை, விளக்கை அணைத்த மாதிரி போய்விடும். பகல் நடைதான் என்றாலும் ஆளுக்கு ஒரு தலைவிளக்கு பையில் இருக்கட்டும். இரண்டு முறை எங்களுக்குத் தேவைப்பட்டது.

அப்புறம் மழை. கோலாலம்பூரில் மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் தாண்டினால் இடியோடு கொட்டும். மற்ற மாதங்களில் கொட்டாது என்று அர்த்தமில்லை. செமினி பக்கம் புரோகா குன்று என்று ஒன்று, 400 மீட்டர் உயரம் சுமாருக்கு. உச்சியில் மரமே கிடையாது, லாலாங் புல்தான், இடுப்பளவு. இருட்டில் ஏறி உதயம் பார்க்க அதைப் போல ஓர் இடம் கிடையாது. ஒன்பது மணிக்கு மேல் அதைப் போல மோசமான இடமும் கிடையாது. நிழல் இல்லை, இடி இறங்கினால் அங்கே நாம்தான் உயரமான பொருள். இடிச்சத்தம் காதில் விழுந்தால் உச்சி ஐந்து நிமிடத்தில் இருந்தாலும் திரும்புவது என்று வைத்துக்கொண்டோம். ஒரு முறை அப்படித் திரும்பியபோது மகள் அழுதுகொண்டே இறங்கினாள். கீழே வந்து கார் கதவைச் சாத்தியபோது மழை பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் அவள் அழவில்லை, "அம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு எங்கே தெரியும், எல்லாம் கீழ்வீட்டுப் பாட்டி சொன்னதுதான்.

பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. எங்கள் குடியிருப்பில் தரைத்தளத்தில் மகனோடு இருந்தார். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா விடிகாலையில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போனால், இவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் கிடப்பாராம். பிறகு இவரே இருபது வருடம் மரம் வெட்டியவர். என்னைப் பார்த்தால் முதல் வார்த்தை "பசியாறியாச்சா?" மலேசியப் பணத்தை ரிங்கிட் என்று சொல்லவே மாட்டார், அங்குள்ள தமிழர்கள் எல்லோரையும் போல வெள்ளி என்பார். நாங்கள் முந்நூறு வெள்ளி கொடுத்து வாங்கிய மலையேற்றச் செருப்பைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "இதுவா? பாசி மேல ஒரு அடி வை, தெரியும்" என்றார்.

அவர் சொன்னபடிதான் ஆயிற்று. கடைசியில் எங்களைக் காப்பாற்றியது 'கம்போங் அடிடாஸ்'. கிராமத்து அடிடாஸ் என்று அந்த ஊரில் கேலியாக அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரே வார்ப்பில் செய்த கறுப்பு ரப்பர் ஷூ, அடியில் முள் முள்ளாகப் பிடிப்பு. தோட்டத்தில் மரம் வெட்டுகிறவர்கள் போடுவது, காட்டு வழிகாட்டிகளும் அதைத்தான் போடுகிறார்கள். நாங்கள் வாங்கியபோது இருபது வெள்ளிக்குள் முடிந்தது. தண்ணீரில் இறங்கினால் ஊறாது, கவிழ்த்துக் கொட்டிவிட்டு நடக்கலாம். குழந்தை அளவு கிடைப்பதுதான் கஷ்டம். கிடைத்தால் ஒரு அளவு பெரிதாக வாங்கிக் கனமான சாக்ஸோடு போடலாம், வளர்கிற பிள்ளைக்கு ஒரு வருடம் ஓடும்.

ரத்தம் குடிக்கும் அட்டைக்கு வருகிறேன். காட்டுக்குப் போகலாமா என்று கேட்ட தோழிகள் எல்லோரும் புலி, பாம்பு என்று பயந்தார்கள். ஆறு வருடத்தில் பாம்பை நான்கு முறை பார்த்தோம், நாலும் எங்களைக் கண்டதும் ஓடியவை. அட்டையைப் பார்க்காத நடை அரிது. மழை பெய்த மறுநாள் பாதையோர இலை நுனியில் நெளிந்துகொண்டு நிற்கும், நூல் கண்டில் ஓர் இழை எழுந்து நிற்கிற மாதிரி. முதலில் நடப்பவரின் அதிர்வில் அது விழித்துக்கொள்ளும், பின்னால் வருகிறவர்களைப் பிடித்துக்கொள்ளும் என்று பாட்டி சொன்னார். நாங்கள் பாதுகாப்பு என்று நினைத்துப் பிள்ளைகளை நடுவில் விட்டுக்கொண்டிருந்தோம்! அன்றிலிருந்து மகன் முன்னால். அவன் வேகத்துக்கே எல்லோரும் நடப்பதால் 'இன்னும் எவ்வளவு தூரம்' என்ற புலம்பலும் பாதியாகக் குறைந்தது.

பாட்டியின் வைத்தியம் குளியல் சோப்பு. சோப்பை நனைத்துக் கணுக்காலிலும் சாக்ஸின் மேலும் அழுத்தித் தேய்த்துக் காயவிட வேண்டும். தோட்டத்தில் புகையிலையை ஊறவைத்த தண்ணீரும் பூசுவார்களாம், பிள்ளைகளுக்கு நான் அதைச் செய்யவில்லை. ஓடையில் இறங்கி ஏறினால் சோப்பு போய்விடும், திரும்பத் தேய்க்க வேண்டும். முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவில் அட்டைச் சாக்ஸ் என்றே விற்கிறார்கள், அதைக் கால்சட்டைக்கு மேலே இழுத்துக் கட்டிக்கொள்வது இன்னும் நல்லது.

கடித்துவிட்டால் பிடுங்கக் கூடாது. உப்பும் நெருப்பும்கூட வேண்டாம், குடித்ததைக் காயத்திலேயே கக்கிவிடக் கூடும். அட்டையின் ஒல்லியான முனைதான் வாய். அந்த முனைக்குப் பக்கத்தில் தோலோடு நகத்தை வைத்துப் பக்கவாட்டில் நகர்த்தினால் பிடி விட்டுவிடும். பிறகு இன்னொரு முனையை எடுத்துச் சுண்டிவிடலாம். வலி இருக்காது. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க அது ஒன்றைக் கலந்துவிடுவதால் மணிக்கணக்கில் கசியும். முதல் தடவை மகனின் வெள்ளைச் சாக்ஸ் முழுக்கச் சிவந்திருந்ததைப் பார்த்து எனக்குத்தான் மயக்கம் வந்தது. அவன், "என் ரத்தம் அதுக்குப் பிடிச்சிருக்கும்மா" என்றான். சாக்ஸைக் கறுப்பில் வாங்குங்கள், தாய்மார்களுக்காகச் சொல்கிறேன்.

இதெல்லாம் தொந்தரவு, ஆபத்து இல்லை. ஆபத்து என்ன என்பதை 2018 அக்டோபரில் ஹுலு லங்காட் ஆற்றங்கரையில் தெரிந்துகொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை. அங்கே ஹுத்தான் லிப்பூர் என்பார்கள், குடும்பமாக வந்து குளித்துச் சாப்பிட்டுப் போகிற வனப் பொழுதிடம். நாற்பது ஐம்பது குடும்பங்கள் இருக்கும். தண்ணீர் முழங்காலளவு, அடியில் கூழாங்கல் எண்ணலாம் போலத் தெளிவு. நடுவில் ஒரு மணல் திட்டு, அதில் பாய் விரித்து, மாமியார் கொடுத்த நாலடுக்கு டிபன் கேரியரைத் திறந்து வைத்திருந்தேன். பிள்ளைகள் கல் அடுக்கி அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. மலைப்பக்கம் மட்டும் கறுத்திருந்தது. அது அங்கே, நாம் இங்கே என்று இருந்துவிட்டேன்.

மகள்தான் முதலில் சொன்னாள், "அம்மா, எங்க அணை மேல தண்ணி போகுது." கல் சரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவள் மறுபடி, "டீ மாதிரி இருக்கு" என்றாள். அப்போதுதான் பார்த்தேன், ஓரத்தில் காய்ந்த இலையும் சுள்ளியுமாகச் சுழன்று வருகிறது. கரையில் ஒரு மலாய்ப் பெரியவர் பாயைச் சுருட்டி எப்போதோ மேலே ஏறியிருந்தார். அவர் எங்களைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கித் தூக்கி, "நாயிக்! நாயிக்!" என்று கத்தினார். மலாயில் ஏறு என்று அர்த்தம். என் மகனுக்கு நாய் என்றால் உயிர். ஆற்று நடுவில் நின்று நாய் எங்கே என்று நாலு பக்கமும் தேடிக்கொண்டிருந்தான்.

கணவர் அவனை அள்ளினார். நான் மகளின் மணிக்கட்டைப் பிடித்தேன். திட்டுக்கும் கரைக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. வரும்போது கணுக்கால் நனைந்த இடத்தில் இப்போது தொடை வரை இழுத்தது. காலுக்கடியில் கற்கள் உருளும் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்டது, யாரோ மூட்டை மூட்டையாகக் கொட்டாங்கச்சியைக் கொட்டுகிற மாதிரி. பெரியவரின் பையன்கள் இரண்டு பேர் கை நீட்டி இழுத்துக்கொண்டார்கள். மேலே ஏறித் திரும்பிப் பார்த்தபோது திட்டு இல்லை, பாய் இல்லை. டிபன் கேரியரின் மூடி மட்டும் ஒரு முறை மின்னிவிட்டுப் போயிற்று. மொத்தமாக மூன்று நிமிடம் இருக்கலாம். (மாமியார் இன்றும் அந்தக் கேரியரைக் கேட்கிறார். ஆற்றோடு போனது என்று சொன்னால் ஏதோ பழமொழி சொல்கிறேன் என்று நினைக்கிறார்.)

கெப்பாலா ஆயிர் என்று அதற்குப் பெயர், 'தண்ணீரின் தலை'. மேலே மலையில் கொட்டிய மழை, கிளையும் சருகும் அடைத்த இடங்களில் தேங்கி, உடைத்துக்கொண்டு ஒரே மூச்சில் இறங்குகிறது. நாம் நிற்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டிய அவசியமே இல்லை. அன்று இரவு பாட்டியிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. "தண்ணி நெறம் மாறுனா பையைத் தேடாத, செருப்பைத் தேடாத, பிள்ளைய மட்டும் தேடு" என்றார். அப்புறம் ஒரு வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஆற்றங்கரையில் உட்கார்ந்ததும் தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தக் கல் நனைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வேலையை மகனிடம் ஒப்படைத்தோம். ஐந்து வயதுப் பையனைப் போலப் பொறுப்பான காவல்காரன் கிடைக்க மாட்டான்.

பிறகு நாங்கள் ஆற்றுக்குப் போகாமல் இல்லை. உட்காரும் இடம்தான் மாறியது. ஆற்று நடுப்பாறை, திட்டு என்று எதிலும் சாமான் இறக்குவதில்லை. போனதும் முதல் வேலை ஏறுவதற்கு வழி எது என்று பார்ப்பது. செங்குத்தான கரை உள்ள இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கோலா குபு பாரு பக்கம் சிலிங் அருவிக்குப் போக ஐந்தாறு முறை ஆற்றைக் கடக்க வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில் போகும்போது கடந்த ஆறு வரும்போது கடக்க முடியாமல் போகலாம். அப்படியானால் மேட்டில் காத்திருக்க வேண்டியதுதான், பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அந்தச் சில மணி நேரத்துக்கு வேண்டிய ரொட்டியும் போர்வையும் பையில் இருந்தால் பொறுமை தானாக வரும். அதிகாரிகள் மழைக்காகப் பாதையை மூடியிருந்தால் பக்கத்துச் சந்து வழியாக நுழைகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நம்மவர்களும் உண்டு. ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஆற்றுக்குப் போய் வந்த பத்தாம் நாள் மகளுக்குக் காய்ச்சல். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "ஆற்றில், குளத்தில் இறங்கினாளா?" எலிக்காய்ச்சல் அங்கே உண்டு, எலி மூத்திரம் கலந்த தண்ணீர் கீறலில் பட்டால் போதும். டெங்குவும் எப்போதும் இருக்கிறது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் அவர் சொன்ன இரண்டை மறக்கவில்லை. எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும் முந்திய ஒரு மாதத்தில் எந்த ஆறு, எந்தக் காடு என்று நாமாகவே சொல்லிவிட வேண்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை, ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதுவும் கொடுக்கக் கூடாது. அதிலிருந்து குளிர்பெட்டி மேலிருந்த நாட்காட்டியில் ஆற்றுக்குப் போன தேதிகளை வட்டமிட்டு வைத்தேன்.

2019 பள்ளி விடுமுறையில் தாமான் நெகாரா போனோம். பகாங், கிளந்தான், திரங்கானு என்று மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்த காடு. கோலா தெம்பெலிங்கில் நீளமான மரப்படகில் ஏறி மூன்று மணி நேரம் ஆற்றை எதிர்த்துப் போனோம். அப்போது நுழைவு அனுமதி ஒரு வெள்ளி, கேமராவுக்கு ஐந்து வெள்ளி. எல்லோரும் மர உச்சிகளுக்கு நடுவே கட்டிய தொங்குபாலத்தைச் சொல்வார்கள், நன்றாகத்தான் இருந்தது. எனக்கு நினைவில் நிற்பது இரவு நடை. வழிகாட்டி எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொன்னார். ஒரு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தரையில் கிடந்த அழுகிய கட்டை மெல்லிய பச்சையில் ஒளிர ஆரம்பித்தது, பூஞ்சை. மகன் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தவன் விட்டுவிட்டுக் குனிந்தான்.

அங்கே பாத்தேக் மக்கள் இருக்கிறார்கள், ஒராங் அஸ்லி என்று பொதுவாக அழைக்கப்படும் பூர்வகுடிகளில் ஒரு பிரிவு. சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போய் ஊதுகுழல் அம்பு விடுவதைக் காட்டச் சொல்லிப் படம் எடுக்கும் ஏற்பாடு எனக்குச் சங்கடமாக இருந்தது, நாங்கள் கேமராவை வெளியே எடுக்கவில்லை. என் மகன் வயதுப் பையன் ஒருவன் வெறுங்காலோடு அந்த வேர்கள் மேல் நடந்து போனான். என் பிள்ளையின் காலில் இரண்டு அடுக்கு சாக்ஸ், சோப்பு, ரப்பர் ஷூ. இருவரும் ஒருவர் காலை ஒருவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டார்கள்.

கடலைப் பற்றி ஒரு வார்த்தை. கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹெந்தியான், ரெடாங் பக்கம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை போக நினைக்காதீர்கள். விடுதிகள் பெரும்பாலும் மூடிவிடும், கடல் கொந்தளிக்கும். ஊரில் நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை கொடுக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான். தண்ணீருக்குள் முகம் புதைத்து மீன் பார்க்கும்போது முதுகு வெந்துபோவது தெரியாது, முழுக்கைச் சட்டை போட்டே இறக்குங்கள். மிதவைச் சட்டை போட்டிருக்கிறானே என்று பெற்றோர் கைபேசியை எடுக்கிற அந்த நேரம்தான் எனக்குப் பயம்.

குரங்குகளும் உண்டு. கோலா சிலாங்கூரில் மெலாவத்தி குன்றின் மேல் இருக்கும் வெள்ளிமந்திகள் சாது, குட்டிகள் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நீளவால் குரங்குகள் அப்படியல்ல. நெகிழிப்பை சரசரத்தால் சாப்பாடு என்று அவற்றுக்குத் தெரியும். பத்துமலைப் படியில் ஒன்று என் கையிலிருந்து பிரசாதப் பையை வாங்கிக்கொண்டது, பிடுங்கியது என்று சொல்வதற்கில்லை, அவ்வளவு உரிமையோடு. அதே கோலா சிலாங்கூரில் இரவு ஆற்றில் துடுப்புப் படகில் போய்ப் பார்த்தால் பெரெம்பாங் மரங்கள் முழுக்க மின்மினிகள் ஒன்றாகச் சிமிட்டும். மகள் அங்கே பேசவே இல்லை, அவள் பேசாமலிருப்பது அபூர்வம்.

கூடாரம் போட்டுத் தங்குவதைப் பெருந்தொற்று முடிந்த பிறகுதான் ஆரம்பித்தோம். மலேசியா முழுவதும் அப்போது அந்த ஆசை பற்றிக்கொண்டது, மலைச்சரிவுகளில் எல்லாம் முகாம்கள் முளைத்தன. 2022 டிசம்பர் 16 அதிகாலை கெந்திங் மலையை ஒட்டிய பத்தாங் காலியில் ஒரு முகாமின் மேல் மலை சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த 31 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் இருந்தார்கள். அந்த இடம் முகாம் நடத்த உரிமம் பெறாதது என்று பிறகு தெரிந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் அதே கெந்திங் மலைப்பக்கம் இன்னொரு முகாமில், சரிவின் அடியில், ஓடைச்சத்தம் நன்றாக இருக்கிறது என்று இடம் கேட்டு வாங்கித் தூங்கியிருந்தோம். செய்தி வந்த அன்று கணவர் அந்தப் படங்களை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூடாரத்துக்குப் பின்னால் மண் சுவர் நிற்கிறது. படம் எடுத்தபோது எங்கள் கண்ணுக்கு அது பின்னணி.

அதன் பிறகு முன்பதிவு செய்யுமுன் உரிமம் இருக்கிறதா என்று கேட்டோம். சிலர் போனை வைத்துவிட்டார்கள், அதுவே பதில். மழை தொடர்ந்து மூன்று நாள் பெய்திருந்தால் பணம் போனாலும் போவதில்லை. போய்ச் சேர்ந்ததும் மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன ஓடுகிறது என்று வெளிச்சம் இருக்கும்போதே சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கூடாரம்.

பையில் என்ன வைத்துக்கொள்வது என்று நிறையப் பேர் கேட்பார்கள். நீர் புகாத பை ஒன்று, ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாத தண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், மாற்றுச் சட்டை, பிள்ளைகள் கழுத்தில் விசில். வழி தப்பினால் நடக்காதே, நின்ற இடத்தில் நின்று மூன்று முறை ஊது என்று பழக்கியிருந்தோம். வரவேற்பறையில் பழகியபோது கீழ்வீடுகளிலிருந்தெல்லாம் புகார் வந்தது, பாட்டி வீடு தவிர. காட்டுக்குள் கைபேசி கோபுரம் கிடைக்காத இடங்கள் அதிகம். அதனால் போகும் பாதையின் பெயரையும் திரும்பும் நேரத்தையும் பாட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவோம். இரண்டு மணி நேரம் தாண்டினால் 999-க்குக் கூப்பிட வேண்டியது, பொம்பா என்கிற தீயணைப்பு மீட்புப் படை வரும். காப்புக்காடு பல இடங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. பெரிய மலைகளுக்கு மாலிம் குனோங் என்கிற உரிமம் பெற்ற வழிகாட்டி வேண்டும். செலவு என்று நினைத்தோம் முதலில். ஒரே பாதை மாதிரி தெரிகிற மூன்று பாதைகளுக்கு நடுவே நின்றபோது அது செலவாகத் தெரியவில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு எதற்கு இந்த அவஸ்தை என்று கேட்டால், ஃப்ரேசர் மலையில் ஒரு காலையைச் சொல்வேன். பனி இன்னும் விலகவில்லை. பள்ளத்துக்கு அப்பாலிருந்து சியாமாங் வாலில்லாக் குரங்கு ஒன்று கூப்பிட ஆரம்பித்தது. தொண்டைக்குக் கீழே தலையளவுக்குப் பை ஊதும். முதலில் உருமி மாதிரி ஓர் உறுமல், பிறகு குலவை. ஜோடி பதில் கொடுத்தது. பதினைந்து நிமிடம் மலை முழுக்க அதுதான். மகன் என்னிடம் ரகசியமாக, "கல்யாண வீடாம்மா?" என்று கேட்டான்.

'நாயிக்' எங்கள் வீட்டுச் சொல்லாகிவிட்டது. குளியலறையிலிருந்து வெளியே வா, மொட்டை மாடியிலிருந்து இறங்கு, பஸ் வந்துவிட்டது என்று எல்லாவற்றுக்கும் அதுவே. 2023-இல் ஊர் திரும்பினோம். மறு வருடம் மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் இறங்கி ஒரு பதினேழு வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. அந்தக் காணொளியை மகள் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த ஜூலையில் சொந்தக்காரர்களோடு ஐந்தருவிக்குப் போனோம். நல்ல சாரல், நல்ல கூட்டம். பெண்கள் பக்கம் மகளும் நானும் நின்றிருந்தோம். ஆண்கள் வரிசையில் கணவரோடு மகன், இப்போது பதினோரு வயது. குளிக்காமல் தண்ணீர் விழுந்து ஓடும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு சருகு மிதந்து வந்தது. காற்றில் விழுந்த சருகாகத்தான் இருக்கும், தண்ணீர் பளிங்காகத்தான் இருந்தது. அவனுக்கு அது போதவில்லை. கூட்டத்துக்கு மேலாகக் கையைத் தூக்கி அக்காவைப் பார்த்து, "நாயிக்!" என்று கத்தினான்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த ஒருவர் துண்டைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார். "எங்கடே நாய்?"